கொக்கல – பெர்த்: ஒரே பயணத்தில் இரண்டு விடியல்

இலங்கையின் தென்முனையிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் எவ்வளவு தூரம்? அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் வருகிறது. நேராகப் பறந்தால் இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேரச் சொச்சம். 1943-ல் இதே தூரத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் ஆனது. அதுவும் நடுவில் எங்குமே இறங்காமல்!

ஏன் இந்த விஷப்பரீட்சை? 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. அதோடு ஆஸ்திரேலியா – லண்டன் விமானப் பாதை அறுந்து போனது. மிச்சமிருந்த வழி இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் தாண்டுவதுதான். 1943 ஜூலையில் குவாண்டாஸ் நிறுவனம், காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரிக்கும் பெர்த்தின் ஸ்வான் ஆற்றுக்கும் இடையே கேட்டலினா என்ற கடல் விமானங்களை ஓட்ட ஆரம்பித்தது. ரன்வே தேவையில்லை, தண்ணீரிலிருந்தே கிளம்பி, தண்ணீரிலேயே இறங்கும்.

இப்போ கணக்கைப் பாருங்க. 30 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் சராசரி வேகம் மணிக்கு 188 கிலோமீட்டர்தான். கேட்டலினாவால் 300-க்கு மேலும் போக முடியும். ஆனால் வேகமாகப் போனால் பெட்ரோல் பாதிக் கடலிலேயே தீர்ந்துவிடும். சுமார் 9,000 லிட்டர் எரிபொருளை ஏற்றிய பிறகு வேறெதற்கும் எடை மிச்சமில்லை. அதிகபட்சம் மூன்று பயணிகள், 69 கிலோ தபால், அவ்வளவுதான்!

ஜப்பானிய விமானங்கள் ரோந்து வரும் பகுதியை இருட்டில் கடக்கும்படி நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். வழியில் ரேடியோவில் பேசக் கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் திசை பிடிக்க வேண்டும். அதாவது, எதிரியிடமிருந்து ஒளித்த அதே இருட்டுதான் வழியும் காட்டியது. ஒரு நாளைத் தாண்டிப் பறப்பதால் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம். பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரிய உதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் எடுத்தது.

1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். 860 பயணிகள் போய் வந்தார்கள். ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. ஆனால் போர் முடிந்ததும், அமெரிக்காவின் கடன்-குத்தகை ஒப்பந்த விதிப்படி அந்த ஐந்து விமானங்களையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

2018 மார்ச்சில் இதே குவாண்டாஸ், பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கத் தொடங்கியது. சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரம். கேட்டலினா பாதி வழியைச் சற்றே தாண்டியிருக்கும் நேரம்தான் அது. அந்தப் பாதி வழியில் திரும்பிப் போக நினைத்தாலும், முன்னே இருக்கும் அதே தூரம்தான் பின்னாலும் இருந்திருக்கும்.