அறிவியலின் படத்தில் யாருடைய கை?

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் கல்யாண மகாலை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. அதன் மேல்தளங்களுக்கு மண்குழாய் வழியே தண்ணீர் ஏற்றினார்கள் என்பதைக் கேட்டு வியக்காதவர்களும் இல்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்பைச் சேர்ந்த 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். அந்தச் சூட்டோடு, சேரிப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்காக 'தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது?' என்று ஒரு சின்ன அனிமேஷன் படம் செய்ய நாங்கள் உட்கார்ந்தோம்.

முதல் காட்சிகளை வரைந்து பிள்ளைகளிடம் காட்டினோம். மலை, கோட்டை, ராஜா, குளம், நீலக் கோடாக ஏறும் தண்ணீர். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, ராஜா இருக்காரு, தண்ணி இருக்கு. கொழாயப் போட்டது யாரு?"

எங்களிடம் பதில் இல்லை. தலித் இயக்கத்தில் இத்தனை ஆண்டுகள் இருந்தும், அறிவியலைப் படமாக்க உட்கார்ந்ததும் எங்கள் கை ராஜாவைத்தான் வரைந்தது.

தவறு எங்களோடு தொடங்கியதல்ல. செஞ்சியைப் பற்றிய பெரிய ஆய்வு நூல் 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. எழுதியவர் சி. எஸ். சீனிவாசாச்சாரி. தலைப்பே 'செஞ்சியும் அதன் ஆட்சியாளர்களும்' என்ற பொருளில்தான் இருக்கிறது. ஆட்சியாளர்களுக்குப் பெயரும் ஆண்டும் உண்டு. மண் குழைத்தவருக்கும் கல் உடைத்தவருக்கும் அது இல்லை.

சரி, கோட்டையை விடுவோம். பம்பு செட் வருமுன் நம் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறியது எப்படி? கவலை ஏற்றத்தில். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். சாலின் அடியில் ஒரு நீண்ட தோல் வால் இருக்கும். இரண்டாவது கயிறு அதன் வாயை மேல்நோக்கிப் பிடித்திருக்கும்வரை ஒரு சொட்டும் சிந்தாது. மேலே வந்ததும் வால் வாய்க்கால் பக்கம் நீளும், சால் தானாகவே கொட்டும். கவிழ்த்து ஊற்ற ஆள் தேவையில்லை.

அந்தத் தோல் வால் எப்படி மாதக்கணக்கில் நனைந்தும் அழுகாமல் இருந்தது? பச்சைத் தோல் சில நாளில் நாறிவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்தால் மயிர் கழலும். பிறகு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் போட்டால், அவற்றிலுள்ள டானின் தோலின் கொலாஜன் இழைகளோடு பிணைந்துகொள்ளும். அதன் பிறகு நுண்ணுயிர்களால் அந்த இழைகளை எளிதில் சிதைக்க முடியாது. இது வேதியியல். 1948-இல் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்குவதற்கு வெகு முன்பே இதைக் கையால் அறிந்திருந்தவர்களை, ஊர் கிணற்றருகே விடவில்லை. அவர்கள் செய்த தோல் கிணற்றுக்குள் இறங்கியது. அவர்கள் இறங்கக் கூடாது.

இதே கதை இயற்பியலிலும் உண்டு. வெறும் தோல் போர்த்திய வட்டமான மேளத்தில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. மிருதங்கத்தில் இசைகின்றன. காரணம், தோலின் நடுவே அடுக்கடுக்காகப் பூசப்படும் கருஞ்சாந்தின் எடை. சி. வி. ராமன் இதை 1920-இல் 'நேச்சர்' இதழிலும், 1934-இல் விரிவான கட்டுரையிலும் விளக்கினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது அதிராத கோடுகளில் ஒதுங்கி நிற்பதைப் படமாகவும் காட்டினார். ஒலியைக் கண்ணுக்குக் காட்டிய அருமையான அறிவியல் படங்கள் அவை. ஆனால் அந்தச் சாந்தை எங்கே, எவ்வளவு பூச வேண்டும் என்று காதால் கண்டுபிடித்தது யார்?

மிருதங்கம் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020-இல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா பிறகு மறுத்துவிட்டது. மிருதங்கம் மேடையேறலாம், அதைச் செய்தவரின் கதை ஏறக் கூடாது!

கையை வரைந்தவர்களும் இருக்கிறார்கள். 2006-இல் இடஒதுக்கீட்டை எதிர்த்த மருத்துவ மாணவர்கள் தெருவைக் கூட்டியும் செருப்பைத் துடைத்தும் 'போராடினார்கள்'. எந்த வேலையை இழிவென்று நினைத்தார்களோ அதையே கேலியாக நடித்தார்கள். அடுத்த ஆண்டே நவயானா வெளியீடாக வந்தது, காஞ்சா அய்லய்யா குழந்தைகளுக்காக எழுதிய 'டர்னிங் த பாட், டில்லிங் த லேண்ட்'. தோல் பதனிடுவோர், குயவர், உழவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், முடிதிருத்துவோர் என ஒவ்வொருவரின் வேலையிலும் உள்ள அறிவியலைச் சொல்லும் நூல். படம் வரைந்தவர் மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் துர்காபாய் வியாம். பின்னர் அவரும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணா' 2011-இல் வந்தது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தச் சித்திர நூல் தண்ணீரில்தான் தொடங்குகிறது.

இந்த உற்சாகத்தில் தோல் பதனிடும் காட்சியை வரைந்து சேரிக்குக் கொண்டுபோனோம். பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோலுன்னாலே ஊர்ல மூக்கப் பொத்துவாங்க தம்பி. அதுலேர்ந்து வெளிய வரத்தான் புள்ளைங்கள படிக்க வெச்சோம். திரும்பவும் அதையே படம் போட்டுக் காட்டப் போறீங்களா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. சாதி என்பது உழைப்பின் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பவர்களையே பிரிப்பது என்று 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் விளக்கிவிட்டார். அறிவைக் கொண்டாடுகிறோம் என்று பிறப்போடு தொழிலைத் திரும்பக் கட்டிவிட்டால், அது ஆதிக்கசாதிகளுக்குச் செய்யும் சேவை. பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் நம் வரலாறு, அதே பறையை விடுதலைக் கலையாகக் கையிலெடுத்ததும் நம் வரலாறு. இரண்டையும் சேர்த்தே படமாக்க வேண்டும்.

எனவே காட்சியை நீக்கவில்லை, மாற்றினோம். டானின் தோலைப் பிணைப்பதைக் காட்டும் சட்டகத்துக்கு அடுத்ததிலேயே, அந்தத் தோலைச் செய்தவரைக் கிணற்றிலிருந்து விரட்டும் கை வருகிறது. அதற்கடுத்து 1927 மார்ச் 20: மகத் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளும் கை. கடைசிச் சட்டகத்தில் கணினி முன் அமர்ந்து இவை எல்லாவற்றையும் வரையும் ஒரு மாணவியின் கை.

தோழர்களே, இன்று ஒரு கைப்பேசி இருந்தாலே அனிமேஷன் செய்யலாம். அறிவியல் படம் செய்யும் நம் மாணவர்கள் பெருக வேண்டும். ஆனால் முதல் கோட்டை இழுக்கும் முன், எங்களிடம் அந்த மாணவி கேட்டதை நீங்களே உங்களிடம் கேளுங்கள்: இதைப் போட்டது யாரு?