மாத்திரை மட்டும் போதுமா? மனநல சிகிச்சையில் குடும்பத்துக்கும் 'கிளாஸ்' எடுப்பது ஏன்?

"இப்போ நல்லாத்தானே இருக்கான், இன்னும் எதுக்கு மாத்திரை?" மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வருபவரின் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி இது. மாத்திரையை நிறுத்துவார்கள். நோய் திரும்பும். மறுபடியும் மருத்துவமனை. இதைத் தடுக்க உதவுவதுதான் 'உளக்கல்விக் குழு'.

அப்படின்னா என்ன?

ஒரே மாதிரி பிரச்னை உள்ளவர்களோ, அவர்களின் குடும்பத்தினரோ ஒன்றாக உட்கார்ந்து நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளும் கூட்டம். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என யாராவது ஒருவர் நடத்துவார். நோய் என்பது என்ன, மருந்து எப்படி வேலை செய்கிறது, பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என எல்லாவற்றையும் கேட்கலாம்.

குடும்பத்துக்கு ஏன்?

லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் 1950-களில் தொடங்கிய ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளிலும் அதே நிலைதான்.

அதே 1950-களில் இங்கேயும் ஒரு முயற்சி நடந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் போட்டு நோயாளிகளுடன் உறவினர்களையும் தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்கு விளக்கினார்.

சிகிச்சைத் திட்டத்தில் என்ன மாறும்?

"ரெண்டு நாளா தூங்கலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஒரு அம்மா குழுவில் சொன்னால், அது அந்த நோயாளியின் எச்சரிக்கை அறிகுறியாகத் திட்டத்தில் சேரும். எடை கூடுகிறது என்று ஒருவர் மாத்திரையைத் தவிர்ப்பது தெரிந்தால், மருத்துவர் மருந்தை மாற்றிப் பார்க்கலாம். மாத்திரை எடுப்பதை யார் கவனிப்பது, நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்பதும் முன்கூட்டியே முடிவாகும்.

எப்போது சேரலாம்?

நோய் தீவிரமாக இருக்கும்போது நோயாளியை உட்கார வைப்பது சரிவராது. நிலை சீரான பிறகு சேரலாம். குடும்பத்தினர் அதற்கு முன்பே தொடங்கலாம். குழுவில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது முக்கிய விதி. மருந்துக்கு இது மாற்று இல்லை, துணை மட்டுமே.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "எங்களுக்கும் இப்படி ஒரு குழு இருக்கா?" என்று கேளுங்கள். உடனடி ஆலோசனைக்கு மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம்.