தபாலில் வந்த துப்பாக்கி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் குடியானவர் துப்பாக்கி வாங்குவதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சிகாகோவில் 1872-இல் தொடங்கிய மான்ட்கோமரி வார்டும், அதற்குப் பின் வந்த சியர்ஸ் ரோபக்கும் அனுப்பிய தடித்த விலைப்பட்டியல்களில் தையல் இயந்திரம், கடிகாரம், உழவுக் கருவிகள் ஆகியவற்றோடு ரிவால்வரும் ரைபிளும் படத்துடன் இடம்பெற்றன. கிராமத்து வீடுகளுக்கு நேரடித் தபால் பட்டுவாடா 1896-இல் தொடங்கியது. ஆனால் 4 பவுண்டுக்கு மேற்பட்ட பொதிகளை அரசுத் தபால் ஏற்கவில்லை. கனமான பொருள்கள் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் வழியாகவே போயின. 1913 ஜனவரி 1 அன்று பார்சல் தபால் தொடங்கி எடை வரம்பு 11 பவுண்டாக உயர்ந்ததும், ஒரு ரைபிள் வீட்டு வாசலுக்கே வந்து சேர வழி திறந்தது.

இந்த வசதியே சட்டத்துக்குச் சிக்கலாகவும் ஆனது. நியூயார்க் மாநிலம் 1911-இல் சல்லிவன் சட்டத்தைக் கொண்டுவந்து, உடையில் மறைத்துக்கொள்ளக்கூடிய கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயம் என்றது. உள்ளூர்க் கடைக்காரர் அதற்குக் கட்டுப்பட்டார். வேறு மாநிலத்திலிருந்து பார்சல் அனுப்பும் வியாபாரியை அந்தச் சட்டம் எட்டவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகமும் தபாலும் மத்திய அரசின் அதிகாரத்துக்குள் இருந்தன. ஆகவே இந்த ஓட்டையை அடைக்க வேண்டிய பொறுப்பு வாஷிங்டனுக்குப் போயிற்று.

சியாட்டில் நகரைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஜான் எஃப். மில்லர் முன்னின்று கொண்டுவந்த மசோதா 1927 பிப்ரவரி 8 அன்று சட்டமானது. பிஸ்டல், ரிவால்வர், உடலில் மறைக்கத்தக்க பிற துப்பாக்கிகள் எவையும் தபாலில் அனுப்பத்தக்கவை அல்ல என்று அது அறிவித்தது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. ராணுவ அதிகாரிகள், காவல் துறையினர் போன்றோரின் பணித்தேவைக்கும், தயாரிப்பாளர்களும் வியாபாரிகளும் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் வழக்கமான சரக்குக்கும் விலக்கு இருந்தது. நீளமான ரைபிளையும் ஷாட்கன்னையும் சட்டம் தொடவில்லை. அவை வேட்டைக்கும் பண்ணைக்கும் உரியவை என்றே கருதப்பட்டன.

அந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது தபாலை மட்டும்தான், விற்பனையை அல்ல. தபால் நிலையம் மறுத்த ரிவால்வரை ரயில்வே எக்ஸ்பிரஸ் கம்பெனி ஏற்றுக்கொண்டது. விளம்பரம் தபாலில் வந்தது, பணம் தபாலில் போனது, பொருள் மட்டும் ரயிலில் வந்தது. வாங்குபவர் யார் என்று கேட்க வழியில் ஒருவரும் இல்லை.

அடுத்த பத்தாண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகள், குழல் குறுக்கப்பட்ட ஷாட்கன்கள் போன்றவற்றின் கைமாற்றத்துக்கு 200 டாலர் வரி விதித்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மாநில எல்லை தாண்டித் துப்பாக்கி அனுப்பும் வியாபாரிகள் மத்திய அரசின் லைசென்ஸ் பெற வேண்டும் என்றது. வியாபாரிக்கான ஆண்டுக் கட்டணம் ஒரே ஒரு டாலர். குற்றவாளிகளுக்குத் தெரிந்தே அனுப்புவது தடை செய்யப்பட்டது. ஆனால் வாங்குபவர் தன்னைப் பற்றிச் சொன்னதைச் சரிபார்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பியப் படைகள் கழித்த ரைபிள்கள் அமெரிக்கச் சந்தையில் மலிவு விலைக்குக் குவிந்தன. பத்திரிகையில் வந்த கூப்பனைக் கத்தரித்து அனுப்பினால் போதும். அந்த ஏற்பாடு எவ்வளவு தளர்வானது என்பதை ஒரே ஆளின் பெயருக்கு, ஒரே நாளில் புறப்பட்ட இரண்டு பார்சல்கள் காட்டின. 1963 மார்ச்சில் லீ ஹார்வி ஆஸ்வால்ட், ‘ஏ. ஹிடெல்’ என்ற பொய்ப் பெயரில், சிகாகோவின் க்ளைன்ஸ் விளையாட்டுப் பொருள் கடைக்குக் கூப்பன் அனுப்பினார். தொலைநோக்கி பொருத்திய இத்தாலிய ரைபிளின் விலை 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50 டாலர். 21.45 டாலருக்குத் தபால் மணியார்டர் இணைக்கப்பட்டிருந்தது. கொடுத்திருந்த முகவரி டாலஸ் நகரத் தபால் நிலையத்தின் ஓர் அஞ்சல் பெட்டி எண். மார்ச் 20 அன்று ரைபிள் பார்சல் தபாலில் புறப்பட்டது. அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸ் வியாபாரி ஒருவரிடமிருந்து, அதே பொய்ப் பெயருக்கு, 29.95 டாலர் விலையுள்ள ரிவால்வர் ஒன்றும் புறப்பட்டது. அதற்கு 10 டாலர் முன்பணம். மீதி, நம் வி.பி.பி. போல, பொருளைப் பெறும்போது. 1927-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்ததால் அது தபாலில் வரவில்லை, ரயில்வே எக்ஸ்பிரஸில் வந்தது. நவம்பர் 22 அன்று அந்த ரைபிளால் குடியரசுத் தலைவர் கென்னடியும், அந்த ரிவால்வரால் காவலர் டிப்பிட்டும் கொல்லப்பட்டனர்.

கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட், தபால்வழிக் கைத்துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்தும் மசோதாவை அந்தக் கொலைக்கு முன்பே, 1963 ஆகஸ்டில் கொண்டுவந்திருந்தார். கொலைக்குப் பின் அது நீளத் துப்பாக்கிகளுக்கும் விரிந்தது. ஆனாலும் ஐந்து ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும், ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த ஆயுதங்கள் தபாலில் வந்தவை அல்ல. எனினும் நாட்டின் துயரம் காங்கிரஸை அசைத்தது. ஜூன் 19 அன்று கைத்துப்பாக்கிகளுக்கு மட்டும் ஒரு சட்டம். அக்டோபர் 22 அன்று, ரைபிளையும் ஷாட்கன்னையும் சேர்த்து, அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்.

இந்தச் சட்டம் தபாலா, ரயிலா, லாரியா என்று பார்க்காமல், பார்சல் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்த்தது. வேறு மாநிலத்திலிருந்து வரும் துப்பாக்கி, வாங்குபவரின் மாநிலத்தில் லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமே போய்ச் சேர வேண்டும். வாங்குபவர் அந்தக் கடைக்கு நேரில் வந்து, அடையாள அட்டை காட்டி, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தில் தன் விவரத்தையும் குற்றப் பின்னணி பற்றிய கேள்விகளுக்கான பதிலையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். துப்பாக்கி எண்ணும் வந்த தேதியும் போன தேதியும் கடையின் பதிவேட்டில் ஏறும். 1998 நவம்பர் முதல் குற்றப் பின்னணியை உடனுக்குடன் கணினியில் சரிபார்க்கும் முறையும் சேர்ந்தது. பொய்ப் பெயரும் அஞ்சல் பெட்டி எண்ணும் மட்டும் போதாத நிலை 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் உருவாயிற்று.

விலக்குகளும் யோசித்தே வைக்கப்பட்டன. பழுதுபார்க்க அனுப்பிய துப்பாக்கி நேராக உரிமையாளர் வீட்டுக்கே திரும்பலாம். 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ தயாரான பழம்பொருள்கள் சட்டத்தின் வரம்புக்குள் வராது. லைசென்ஸ் இல்லாத தனிநபர் தன் மாநிலத்துக்குள் இன்னொருவருக்கு நீளத் துப்பாக்கியைத் தபாலில் அனுப்பலாம். லைசென்ஸ் இல்லாதவருக்கு மாநில எல்லை தாண்டி அனுப்ப நேரும்போது, பொதிக்குள் இருப்பது துப்பாக்கி என்று கூரியர் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பிறகு எழுந்த சிக்கல் திருட்டு. பெட்டியின் மேல் துப்பாக்கி என்று எழுதியிருந்தால் திருடனுக்கு அதுவே வழிகாட்டி. 1993-ஆம் ஆண்டு பிரேடி சட்டம் அத்தகைய வெளிக் குறிப்பைக் கேட்கக் கூடாது என்று கூரியர் நிறுவனங்களுக்குத் தடை விதித்தது. ஒப்படைக்கும்போது எழுத்தில் ஒப்புகை பெறுவதையும் கட்டாயமாக்கியது. வழியில் நடந்த திருட்டுகளால் 1999-இல் யு.பி.எஸ். கைத்துப்பாக்கிகளை மறுநாளே சேரும் விமானச் சேவையில் மட்டும் ஏற்கத் தொடங்கியது. 2022-இல், தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட லைசென்ஸ்தாரர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கிப் பார்சல் வாங்குவதாக விதியை இறுக்கியது. ஃபெடெக்ஸின் விதியும் அத்தகையதே. சட்டம் அனுமதிப்பதைக்கூடக் கம்பெனி விதி மறுக்கலாம் என்பதால், தனிநபர்கள் பெரும்பாலும் உள்ளூர் வியாபாரி மூலமே அனுப்ப வேண்டியதாயிற்று.

எது துப்பாக்கி என்ற வரையறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துப்பாக்கியின் சட்டகமே துப்பாக்கி. குழலும் கட்டையும் வெறும் உதிரிபாகங்கள், தபாலில் தாராளமாகப் போகும். இதைப் பயன்படுத்தி, பாதி கடைந்த சட்டகத்தோடு வீட்டிலேயே பூட்டி முடிக்கும் பெட்டிகள் வரிசை எண் இல்லாமல் விற்பனைக்கு வந்தன. 2022-இல் மத்திய அரசு அவற்றையும் துப்பாக்கிக்குரிய விதிகளுக்குள் கொண்டுவந்தது. 2025 மார்ச் 26 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அந்த விதியை ஏற்றது. பூட்டி முடிக்காத பெட்டிக்கும் ஒரு வரிசை எண், ஒரு கடை, ஒரு படிவம், நேரில் வந்து நிற்கும் ஓர் ஆள் வேண்டும் என்பது அதனால் உறுதியாயிற்று.