கார் சீட்டில் கறையா? பெட்ரோல், ஆசிட் பக்கம் போகாதீங்க!

நாமக்கல்: கொல்லிமலைக்கு சவாரி ஓட்டும் வேன், கார் டிரைவர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மலை ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் போவதற்குள் பின் சீட்டில் யாராவது ஒருத்தர் வாயைப் பொத்திக்கொள்வார். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் சீட் நாசம்.

மறுநாள் காலையில் வேறு பார்ட்டி காத்திருக்கும். கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தால், "வேற வண்டி இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. அன்றைய வாடகை போச்சு. அந்த அவசரத்தில் பெட்ரோல், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஊற்றி சிலர் தேய்க்கிறார்கள். கறையை விட இதுதான் ஆபத்து. வீட்டுச் சாமான்களை வைத்தே பெரும்பாலான கறைகளை எடுத்துவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதல் ஐந்து நிமிடம்

கறை பட்டதும் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் கறை அகலமாகும், உள்ளே ஸ்பாஞ்சுக்கும் இறங்கிவிடும். கெட்டியாக இருப்பதை ஸ்பூனால் வழித்து எடுங்கள். ஈரத்தை பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுங்கள். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கித்தான் ஒற்ற வேண்டும்.

எந்த மருந்தைப் போடுவதற்கு முன்பும் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சாயம் போகவில்லை என்றால் மட்டும் மேலே போடலாம்.

வாந்தி, முட்டை, பால், ரத்தம்

இந்த நாலுக்கும் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் காரியம் கெட்டது. முட்டையை வேக வைத்தால் எப்படி இறுகுகிறதோ, அதே மாதிரி கறையும் துணியில் இறுகிப்போகும். முட்டைக்குப் பேர் போன நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பச்சைத் தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி சோப்பை எடுத்துவிடுங்கள். ஓரளவு காய்ந்ததும் ஆப்ப சோடாவைத் தூவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷ் போட்டு தட்டி எடுத்தால் நாற்றம் குறையும். ஆப்ப சோடா வேறு, துணி துவைக்கிற சலவை சோடா வேறு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

ரத்தக் கறை அடம் பிடித்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும். 6 சதவீதம் என்று போட்டிருந்தால் அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறத் துணி சீட்டுக்கு மட்டும்தான் இது. கருப்பு, நீல சீட்டில் போட்டால் வெளுத்துவிடும்.

குழம்பு, மஞ்சள்

கல்யாண வீட்டு சாம்பார் தூக்கு கவிழ்ந்தால் எண்ணெய், மஞ்சள் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். முதலில் முகப் பவுடர் அல்லது சோள மாவைத் தூவி அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெயை அது குடித்துவிடும். தட்டி எடுத்துவிட்டு பாத்திர லிக்விட் தண்ணீரால் ஒற்றுங்கள்.

சோப்பு பட்டதும் மஞ்சள் கறை திடீரென்று சிவப்பாகும். பயப்பட வேண்டாம், மஞ்சளின் குணம் அது. சோப்பு போனதும் மறுபடி மஞ்சளாகும். மிச்சம் இருக்கிற சாயத்துக்கு வெயில்தான் மருந்து. கதவைத் திறந்து வைத்து கறை மேல் வெயில் படும்படி வண்டியை நிறுத்தினால் நாளாக நாளாக வெளுத்துவிடும்.

வெற்றிலைக் கறை

எலுமிச்சம்பழச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒற்றி, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் துடைக்கவும். புதுக் கறை என்றால் நன்றாக மங்கும். நாள்பட்டது முழுசாகப் போகாது.

பேனா மை, சூயிங் கம், கிரீஸ்

பால்பாயின்ட் பேனா மைக்கு சர்ஜிகல் ஸ்பிரிட். பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றுங்கள். பஞ்சில் மை ஏற ஏற வேறு பஞ்சு மாற்றுங்கள். ரெக்சின், தோல் சீட்டில் ஸ்பிரிட் வேண்டாம், நிறம் உரியும்.

சூயிங் கம் ஒட்டினால் பாலிதீன் பையில் ஐஸ் கட்டி போட்டு அதன் மேல் வையுங்கள். கல் மாதிரி ஆனதும் ஸ்பூனால் நெம்பினால் வந்துவிடும்.

பட்டறையில் இருந்து கிரீஸ் துணியோடு ஏறி உட்கார்ந்துவிட்டால் குழம்புக்குச் சொன்ன மாவு வைத்தியம்தான். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டி வரும். சேறு பட்டால் மட்டும் அவசரமே வேண்டாம். நன்றாகக் காய விட்டு பிரஷ் போட்டால் உதிர்ந்துவிடும்.

இதை மட்டும் செய்யாதீங்க

பிளீச்சையும் பாத்ரூம் ஆசிட்டையும் சேர்த்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். எலுமிச்சை, வினிகர் கலந்தாலும் அதே கதைதான். திறந்த வெளியிலேயே மூச்சு முட்டும். கதவு சாத்திய காருக்குள் என்றால் உயிருக்கே ஆபத்து.

பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் ஆவி வண்டிக்குள்ளேயே தங்கும். ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும். ரெக்சினும் விறைத்து வெடித்துப்போகும்.

சீட் பெல்ட்டில் பிளீச், ஆசிட் படவே கூடாது. நூல் வலு இழந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், விபத்து நேரத்தில் அறுந்துவிடும். முழுசாக வெளியே இழுத்து, லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

சீட் மேல் வாளித் தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. இப்போது வரும் பல கார்களில் ஏர்பேக், பெல்ட் சென்சார் வயர்கள் சீட்டுக்கு அடியில்தான் போகின்றன. அங்கே மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் சமாச்சாரம். கழற்றவும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம்.

காய வைப்பதில்தான் விஷயம்

கறை போனதும் கண்ணாடியை ஏற்றி வண்டியைப் பூட்டிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. ஸ்பாஞ்சில் ஈரம் நின்றால் பூஞ்சை பிடித்து நாலாம் நாள் பழைய நாற்றம் திரும்ப வரும். நாலு கதவையும் திறந்து, டேபிள் ஃபேன் வைத்து, கையால் அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரியாத வரைக்கும் காய விடுங்கள்.

கொல்லிமலை வண்டிக்காரர்கள் இன்னொன்றும் செய்யலாம். அடிவாரத்திலேயே ஆளுக்கு ஒரு கேரி பேக் கொடுத்து, தலை சுற்றும் என்கிறவரை முன் சீட்டுக்கு மாற்றி, வளைவுகளில் மெதுவாக ஏறுங்கள். கறையே படாவிட்டால் அதை விட நல்ல வைத்தியம் ஏது?