மின் சிகரெட்: கழுவியதில் இருந்து தூக்கி எறிந்தது வரை

மை பேனா அடைத்துக்கொண்டால் நிப்பைக் கழற்றி வெந்நீரில் ஊற வைப்பார்கள். பம்ப் ஸ்டவ் சரியாக எரியாவிட்டால் பின்னை விட்டுக் குத்துவார்கள். அரிக்கேன் விளக்கின் சிம்னியில் கரி பிடித்தால் பழைய துணியால் துடைத்து வைப்பார்கள். ஒரு காலத்தில் வீட்டில் இருந்த பல பொருட்கள், கழுவித் துடைத்துத் திரும்பப் பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டிருந்தன. பிறகு தீர்ந்ததும் தூக்கி எறியும் பேனா வந்தது, தூக்கி எறியும் ரேசர் வந்தது, தூக்கி எறியும் லைட்டர் வந்தது.

பேனாவுக்கு இந்த மாற்றம் நடக்கப் பல தலைமுறைகள் ஆயின. மின் சிகரெட் என்ற கருவிக்கு இருபதே ஆண்டுகளில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது! ஆரம்பத்தில் அதை வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து கழுவினார்கள். பிறகு கழுவவே முடியாத மாதிரி அது செய்யப்பட்டது. இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் யார், விற்றவர் யார் என்பதெல்லாம் பலரும் எழுதிய கதைதான். அதைக் கழுவியவர்கள் யார், கழுவுவதை ஏன் நிறுத்தினார்கள் என்று பார்த்தால் இன்னொரு வரலாறு தெரிகிறது.

தொடக்கம்

மின்சாரத்தால் ஒரு திரவத்தை ஆவியாக்கி மூச்சில் இழுக்கும் யோசனை பழையது. ஜோசப் ராபின்சன் என்ற அமெரிக்கர், மருந்தை அப்படி ஆவியாக்கும் கருவிக்கு 1930ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அடுத்து பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட், புகையும் புகையிலையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை வாங்கினார். இரண்டுமே சந்தைக்கு வரவில்லை. அந்த நாளில் சிகரெட் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது, மாற்று தேடவேண்டிய அவசியம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

சந்தைக்கு வந்த கருவி சீனாவில் பிறந்தது. ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் தாமே கடுமையாகப் புகைபிடித்தவர். அவருடைய தந்தையும் புகைபிடித்தவர், நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். 2003இல் ஹோன் லிக் தன் கருவிக்குக் காப்புரிமை கேட்டார். 2004இல் அது 'ரூயன்' என்ற பெயரில் சீனாவில் விற்பனைக்கு வந்தது. சீன மொழியில் அந்தப் பெயருக்கு 'புகை போன்றது' என்று பொருள். ஓரிரு ஆண்டுகளில் அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது.

மூன்று துண்டுக் காலம்

அந்த முதல் தலைமுறைக் கருவிகளில் மூன்று பாகங்கள் உண்டு. ஒன்று பேட்டரி. இன்னொன்று திரவத்தை ஊறவைத்த பஞ்சு உள்ள சிறு குப்பி. இரண்டுக்கும் நடுவில் திரவத்தைச் சூடாக்கும் அட்டமைசர். திரவம் என்பது புரொபிலீன் கிளைகால், கிளிசரின், நிகோடின், வாசனைப் பொருட்கள் ஆகியவற்றின் கலவை.

தொல்லை எல்லாம் அட்டமைசரில்தான். அதற்குள் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று சூடாகும். திரவத்தில் உள்ள கிளைகாலும் கிளிசரினும் ஆவியாகிப் போய்விடும். இனிப்பும் வாசனைப் பொருளும் முழுதாகப் போகாமல் சுருளின்மேல் தங்கிக் கருகும். பாயசம் அடிப்பிடித்த பாத்திரத்தை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மெல்லிய படலம் சேரும். சில வாரங்களில் ஆவி குறையும், தீய்ந்த வாடை வரும்.

புதிய அட்டமைசர் வேண்டுமென்றால் சீனாவில் இருந்து தபாலில் வரவேண்டும், பக்கத்துக் கடையில் கிடைக்காது. அதனால் வாங்கியவர்கள் சமையலறையிலேயே வழி தேடினார்கள். வெந்நீரில் ஊறவைத்தார்கள், வாயால் ஊதி அடைப்பை எடுத்தார்கள். சிலர் ஆல்கஹாலில் போட்டுவைத்தார்கள். சிலர் பல்செட் கழுவும் மாத்திரையை நீரில் கரைத்து அதில் முக்கினார்கள். கோலா பானத்தில் ஊறவைத்தவர்கள்கூட உண்டு! குப்பியில் இருந்த பஞ்சுக்குப் பதிலாக மீன் தொட்டி வடிகட்டியின் நுரைப்பஞ்சை வெட்டி வைத்தார்கள். தேயிலைப் பையின் காகிதத்தைச் சுருட்டி வைத்தவர்களும் இருந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. இந்த வைத்தியங்களில் எதையும் கருவியைச் செய்த நிறுவனம் சொல்லித் தரவில்லை. வாங்கியவர்கள் தாங்களே செய்து பார்த்து, பலித்ததை ஒருவருக்கொருவர் இணையத்தில் சொல்லிக்கொண்டார்கள். பலிக்காததையும் சொன்னார்கள்.

சுருள் சுற்றியவர்கள்

கழுவிக் கழுவிக் கருவியின் உள்ளமைப்பு பழகிப்போனவர்கள் அடுத்த படிக்கு நகர்ந்தார்கள். 2008இல் பிரிட்டனில் 'ஸ்குரூடிரைவர்' என்ற பெயரில், சிகரெட்டைப் போலவே தோற்றமளிக்காத பெரிய பேட்டரிக் கருவி ஒன்று வந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் திரவம் தெரியும் கண்ணாடித் தொட்டிகளும், பயன்படுத்துபவரே சுருள் சுற்றித் திரி மாற்றிக்கொள்ளும் அட்டமைசர்களும் பெருகின.

சுருளுக்குப் பயன்பட்ட கம்பிகளில் முக்கியமானது காந்தால். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த இந்த உலோகக் கலவையை 1920களில் ஸ்வீடனில் ஹான்ஸ் வான் காண்ட்சோ உருவாக்கினார். தொழிற்சாலை உலைகளுக்கும் மின் அடுப்புகளுக்கும் பிறந்த கம்பி அது. சூடானால் அதன்மேல் அலுமினியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிக் கம்பியைக் காக்கும். அதனால்தான் அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சுத்தம் செய்ய முடிந்தது.

சுத்தம் செய்யும் முறையும் இந்தக் காலத்தில் ஒழுங்குக்கு வந்தது. பேட்டரியைத் தனியே கழற்றி வைக்கவேண்டும், அதில் ஈரம் படக்கூடாது. தொட்டி, மூடி, வாயில் வைக்கும் பாகம் மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் கழுவினால் போதும், ஏனென்றால் கிளிசரினும் கிளைகாலும் நீரில் கரைபவை. ரப்பர் வளையங்கள் விறைத்துப்போயிருந்தால் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். மரையில் படிந்த திரவத்தைத் துடைக்காவிட்டால் மின்சாரம் சரியாகப் பாயாது. சுருளில் உள்ள கரி நீரில் கரையாது. அதற்குப் பழைய பஞ்சை எடுத்துவிட்டு, வெறும் சுருளை விட்டுவிட்டுச் சிவக்கச் சூடாக்கினால் கரி சாம்பலாகும். ஆறிய பிறகு கழுவி, தேய்த்து, உலர்ந்ததும் புதுப் பஞ்சு வைக்கலாம். குத்துவிளக்கில் கருகிய திரியை எடுத்துவிட்டுப் புதுத் திரி போடுவது போலத்தான்.

தொழிற்சாலையில் பஞ்சோடு மூடிச் செய்த சுருளுக்கு இது ஆகாது. பஞ்சு உள்ளேயே எரிந்துவிடும். நிகோடின் தோல் வழியாகவும் உடலில் இறங்கும் என்பதால் கையுறை போடவேண்டும் என்பதையும் பலர் தலைசுற்றல் வந்த பிறகே கற்றுக்கொண்டார்கள்.

கழுவினாலும் போகாதது

இத்தனை சிரத்தையாகக் கழுவினால் கருவி பாதுகாப்பானதாகிவிடுமா? இங்கேதான் ஆய்வுகள் குறுக்கிட்டன.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதிக மின்னழுத்தத்தில் சூடாக்கினால் ஆவியில் பார்மால்டிஹைடை வெளியிடும் சேர்மங்கள் உண்டாவதாக எழுதினார்கள். அவ்வளவு சூட்டில் திரி காய்ந்து வாய் கசக்கும், யாரும் இழுக்கமாட்டார்கள் என்று எதிர்வாதம் எழுந்தது. ஆனாலும் கருகிய வாடை வெறும் ருசிக்கேடு இல்லை, அது ஓர் எச்சரிக்கை என்பது எல்லோருக்கும் விளங்கியது.

2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று பால்டிமோர் பகுதியில் 56 பேரின் சொந்தக் கருவிகளைச் சோதித்தது. கடையில் வாங்கிய புட்டியில் இருந்த திரவத்தில் ஈயம், நிக்கல், குரோமியம் ஆகியவை குறைவு. அதே திரவம் தொட்டிக்குப் போய்ச் சுருளைத் தொட்டபின் அவற்றின் அளவு வெகுவாகக் கூடியிருந்தது. ஆவியிலும் அவை இருந்தன. அழுக்கு வெளியில் இருந்து வந்து ஒட்டியதில்லை, கருவியின் உலோகத்தில் இருந்தே வந்தது. அதை எந்த வெந்நீரில் கழுவுவது?

கழுவிய கைகள் கருவியின் ஆயுளை நீட்டின. மூச்சில் போன பொருளை அவற்றால் மாற்ற முடியவில்லை, நிகோடினின் பிடியையும் தளர்த்த முடியவில்லை.

கழுவவே முடியாத கருவி

வணிகக் கண்ணோடு பார்த்தால் வீட்டில் கழுவுபவர் நிறுவனத்துக்கு நல்ல வாடிக்கையாளர் அல்ல. கொஞ்சம் கம்பியும் கொஞ்சம் பஞ்சும் வாங்கினால் அவருக்குப் பல நாள் ஓடிவிடும். கழுவிய ஒவ்வொரு சுருளும் விற்காமல் போன ஒரு சுருள். ரேசரில் பிளேடும் பிரிண்டரில் மைக்கூடும் போலத் திரும்பத் திரும்ப வாங்கவேண்டிய பாகம் ஒன்று இருந்தால்தான் வருமானம் நிற்காமல் வரும்.

2015இல் அமெரிக்காவில் வந்த ஜூல் அந்த இடத்தைப் பிடித்தது. அதன் குப்பி 0.7 மில்லி திரவத்தோடு மூடி வந்தது. நிரப்பவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். தீர்ந்தால் எறிந்துவிட்டு அடுத்ததைச் செருகவேண்டியதுதான். கழுவும் வேலைக்குக் கொஞ்சம் பொறுமையும் அறிவும் தேவைப்பட்டன, அது ஒரு வேலி மாதிரி இருந்தது. வேலி போனதும் பள்ளி மாணவர்கள்கூடச் சுலபமாக உள்ளே வந்தார்கள். 2018 டிசம்பரில் மார்ல்பரோ சிகரெட்டின் தாய் நிறுவனமான ஆல்ட்ரியா 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35 சதவீதப் பங்கை வாங்கியது. வழக்குகளும் கட்டுப்பாடுகளும் சூழ, அந்த மதிப்பு கரைந்துபோய் 2023 மார்ச்சில் ஆல்ட்ரியா அந்தப் பங்கைக் கைவிட்டது.

இடையில் ஒரு விசித்திரம் நடந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இனிப்பு, பழச் சுவைக் குப்பிகள்மீது நடவடிக்கை எடுப்பதாக அறிவித்தது. குப்பி மாற்றும் கருவிகளைத்தான் அந்த அறிவிப்பு குறிவைத்தது. மொத்தமாகத் தூக்கி எறியும் கருவிகள் அதில் சேரவில்லை. வாய்க்காலை ஒரு பக்கம் அடைத்தால் நீர் மறுபக்கம் பாயும் அல்லவா? வாங்கியவர்களும் வியாபாரமும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். இப்போது குப்பியோடு பேட்டரியும் சேர்ந்தே குப்பைக்குப் போனது.

குப்பைத்தொட்டிக்குப் போன கணக்கு

பிரிட்டனில் மெட்டீரியல் ஃபோகஸ் என்ற அமைப்பு ஒரு கணக்கு எடுத்தது. 2022இல் வாரத்துக்கு 13 லட்சம் ஒருமுறைக் கருவிகள் எறியப்பட்டன. அடுத்த ஆண்டே அது வாரத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் ஆனது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு லித்தியம் பேட்டரி! குப்பை வண்டியில் நசுங்கினால் அது தீப்பிடிக்கும்.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இப்படி எறிந்த கருவிகளின் பேட்டரியை எடுத்துச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காக வைத்த அந்தப் பேட்டரிகளை நூற்றுக்கணக்கான முறை திரும்ப சார்ஜ் செய்ய முடிந்தது. பழுதாகி எறியப்பட்டவை அல்ல அவை. திறந்து பார்க்க வழி வைக்காததால் எறியப்பட்டவை.

அரசுகள் விழித்துக்கொண்டன. பெல்ஜியம் 2025 ஜனவரி 1 முதலும் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதலும் ஒருமுறைக் கருவிகளின் விற்பனையைத் தடை செய்தன. பிரிட்டனின் விதிப்படி கருவியைத் திரும்ப சார்ஜ் செய்யவும், திரவம் நிரப்பவும் அல்லது குப்பி மாற்றவும் முடியவேண்டும். மின் சிகரெட்டையே முழுதாகத் தடை செய்த நாடுகளும் உண்டு. இந்தியா 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், அதே டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமும் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, இருப்பு, விளம்பரம் அனைத்தையும் தடுத்துவிட்டது.

முடிவாக

பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்குள் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, நிரப்பும் கருவியிடமே சட்டம் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் பழைய ஆட்கள் கற்றிருந்த கைப்பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து திரும்பி வராது. நிரப்பக்கூடிய கருவி கையில் இருந்தும் தீர்ந்ததும் எறிந்துவிடும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு ஊறிவிட்டது.

கழுவுவது தொல்லை என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கியவர் கையில் இருந்து எடுத்தார்கள். வேலை ஒன்றும் மறைந்துவிடவில்லை. சமையலறையில் ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்த வேலை, குப்பை அள்ளுபவர் தலையிலும் தீயணைப்பு வண்டியின் தலையிலும் போய் விழுந்தது. கூடவே இன்னொன்றும் போனது. சுருளைக் கழற்றியவருக்குத் தான் இழுக்கும் காற்று எந்தக் கரியைத் தாண்டி வருகிறது என்பது கண்ணால் தெரிந்தது. அதைப் பார்த்துப் பயந்து விட்டவர்களும் இருந்திருப்பார்கள். மூடி ஒட்டிய கருவிக்குள் அந்தக் கரி இன்றும் இருக்கிறது, பார்க்கத்தான் முடியவில்லை.