இஸ்லாமிய மருத்துவ மரபில் 'தல்க்' கலையும் நாட்பட்ட வயிற்று நோயும்

'தல்க்' என்னும் அரபுச் சொல் மத்ரஸாவில் ஓதிய எவருக்கும் புதியதன்று. உளூவிலும் குளிப்பிலும் உறுப்புகளைக் கையால் தேய்த்துக் கழுவுவதை ஃபிக்ஹு நூல்கள் இச்சொல்லால் குறிக்கின்றன. மாலிக்கீ மத்ஹபில் அது கடமை. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. இதே சொல் மருத்துவ நூல்களுள் நுழையும்போது நீவுதல், தேய்த்தல், பிசைதல், அழுத்திப் பிடித்துவிடுதல் ஆகிய அனைத்தையும் தன்னுள் அடக்கிய கலைச்சொல்லாகிவிடுகிறது. இன்று உலகெங்கும் 'மசாஜ்' என வழங்கும் சிகிச்சைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இதுவே. 'மசாஜ்' என்னும் சொல்லே, தொடுதலைக் குறிக்கும் 'மஸ்ஸ' என்ற அரபு வினையிலிருந்து பிரெஞ்சு வழியாகப் பரவியது என்பார் உளர். கிரேக்க, போர்த்துகீசிய மூலங்களைக் காட்டுவாரும் உளர். சொல்லின் பிறப்பு எதுவாயினும், அக்கலையின் வரலாற்றில் முஸ்லிம் மருத்துவர்களுக்கு உரிய இடம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

இக்கலையை வயிற்று நோயோடு இணைத்து நோக்க நமக்குக் காரணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் மலச்சிக்கலால் வருந்துவோர், ஐ.பி.எஸ். எனப்படும் குடல் இயக்கக் கோளாறு உடையோர், குரோன் நோய், பெருங்குடல் அழற்சி போன்றவற்றோடு காலம் தள்ளுவோர் நம்மிடையே பலர். இவர்களிடம் இருவகைப் பேச்சுகள் வந்து சேர்கின்றன. உடலை நீவிவிடுவது வெறும் சுகபோகம், நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது ஒன்று. தல்க் ஒன்றே போதும், மருந்துகளைத் தூக்கி எறிந்துவிடலாம், இப்னு சீனாவே இதைச் சொல்லியிருக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டையும் மூல நூல்களின் முன் நிறுத்திப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை.

தல்க்கைப் பற்றிய அறிவை முஸ்லிம் மருத்துவர்கள் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். பெற்றதை மறைக்கவும் இல்லை. அரபு நூல்கள் 'புக்ராத்' என அழைக்கும் ஹிப்போக்ரடீஸ், மூட்டுகளைப் பற்றிய நூலில், மருத்துவன் பயின்றிருக்க வேண்டிய திறன்களுள் தேய்த்துவிடுதலையும் சேர்த்தார். தளர்ந்ததை இறுக்கவும் இறுகியதைத் தளர்த்தவும் அதனால் இயலும் என்பது அவர் கருத்து. 'ஜாலீனூஸ்' எனப்படும் கேலன் உடல்நலப் பாதுகாப்பைப் பற்றி ஆறு பகுதிகளாக எழுதிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். வன்மை, மென்மை, நடுத்தரம் எனத் தன்மையால் மூன்று. மிகுதி, குறைவு, நடுத்தரம் என அளவால் மூன்று. இவற்றைப் பெருக்க ஒன்பது வகை என அவர் வகுத்தார். பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் (கி.பி. 809 - 873) அவருடைய மாணாக்கரும் ஜாலீனூஸின் நூல்களை சிரியாக், அரபு மொழிகளில் ஆக்கியபோது இவ்வறிவு அரபு மருத்துவத்தின் சொத்தாயிற்று.

இந்த ஹுனைன் மாணவர்களுக்காக எழுதிய வினா விடை நூலில் நம் ஆய்வுக்கு இன்றியமையாத கருத்தொன்று உள்ளது. உடலின் நிலை ஆரோக்கியம், நோய் என இரண்டோடு முடிவதில்லை. முழு ஆரோக்கியமும் அன்று, முழு நோயும் அன்று எனத்தக்க மூன்றாம் நிலையும் உண்டு என ஜாலீனூஸை ஒட்டி அவர் எழுதினார். முதுமையும், நோயிலிருந்து தேறிவரும் பருவமும் இதனுள் அடங்கும். இப்னு சீனா இம்மூன்றாம் நிலையைத் தனி நிலையாகக் கொள்வது தேவையற்றது எனக் கருதினார். ஆயினும், நாட்பட்ட குடல் நோயோடு அலுவலகம் சென்று, குடும்பம் நடத்தி, நோன்பு நோற்க இயலுமா இயலாதா என ஒவ்வோர் ஆண்டும் தயங்கி நிற்கும் ஒருவரை நினைத்துப் பார்ப்போமானால், அந்த மூன்றாம் நிலையின் பொருள் விளங்கும். தல்க்கின் உண்மையான இடம் அங்கேதான் என்பதே நாம் நிறுவ விரும்புவது.

இப்னு சீனாவின் 'அல்கானூன் ஃபித் திப்பு' ஐந்து பெரும் நூல்களாக அமைந்தது. சிகிச்சை மூன்றால் நிறைவேறும் என அதில் அவர் வகுக்கிறார். முதலாவது, உணவோடு கூடிய வாழ்க்கை ஒழுங்காகிய 'தத்பீர்'; இரண்டாவது, மருந்து; மூன்றாவது, கைச்செயல், அதாவது அறுவையும் எலும்பு கட்டுதலும் போன்றவை. தல்க் கையால் செய்யப்படுவதாயினும் அவர் அதைப் பற்றி விரித்துரைப்பது கைச்செயல்களின் வரிசையில் அன்று. முதல் நூலில், உடல்நலம் காக்கும் முறைகளைப் பேசும் பகுதியில், உடற்பயிற்சிக்கும் ஹம்மாம் குளியலுக்கும் இடையே வைத்து விளக்குகிறார். இந்த வைப்பு முறையே ஒரு தீர்ப்பாகும். உறக்கம், உணவு, நடை ஆகியவற்றைப் போல அன்றாட ஒழுங்கைச் சார்ந்ததே தல்க். நோயை ஒரே வீச்சில் வெட்டி எறியும் ஆயுதம் அன்று.

அவர் கூறும் வகைகளும் கருதத்தக்கவை. வலிய தல்க் உடலை இறுக்கும், மெல்லியது தளர்த்தும், மிகுதியானது மெலியச் செய்யும், நடுத்தரமானது செழிக்கச் செய்யும். முரட்டுத் துணியால் தேய்ப்பது இரத்தத்தை மேற்பரப்பிற்கு விரைந்து ஈர்க்கும். உள்ளங்கையாலோ மெல்லிய துணியாலோ தேய்ப்பது அதை அவ்வுறுப்பில் நிறுத்தும். இவை தவிர, உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தும் 'தல்குல் இஸ்திஃதாத்' என்றும், பயிற்சிக்குப் பின் இளைப்பாற்றி மீட்கும் 'தல்குல் இஸ்திர்தாத்' என்றும் இருவகை உண்டு. பின்னதை எண்ணெயிட்டு, நடுத்தர அளவில் செய்தல் வேண்டும். உண்ட உணவு செரியாத வேளையில் பயிற்சி கூடாது என்பதால் பயிற்சியைச் சார்ந்த இவ்விரண்டும் அவ்வேளையில் விலக்கப்பட்டவையே. ஒரே கை, ஒரே உடல். அளவும் வேளையும் மாறினால் விளைவு எதிராகிவிடும் என்பதே இவை அனைத்தின் சாரம்.

நூலில் எழுதப்பட்டது ஹம்மாமில் நடைமுறையாயிற்று. உடலைத் தேய்த்துவிடுவோர் 'தல்லாக்' எனப்பட்டனர். துருக்கியில் இது 'தெல்லாக்' என வழங்கிற்று. சந்தை, குளியலகம் முதலிய பொது இடங்களை மேற்பார்த்த முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய நூல் இவர்களையும் விட்டுவைக்கவில்லை. தல்லாக் தன் கையை மாதுளைத் தோலால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிக்கொள்ள வேண்டும் எனவும் அது விதித்தது. பிறர் உடலைத் தொடும் தொழில் கண்காணிப்புக்குரியது என்னும் உணர்வு அன்றே இருந்தது.

இனி வயிற்று நோய்க்கு வருவோம். வயிறே நோய்களின் இல்லம் என்னும் கருத்துடைய மொழி ஒன்று நபிமொழியாக மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். அது நபிமொழி அன்று, அரபியரின் மருத்துவர் ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என இப்னுல் கய்யிம் (ரஹ்) போன்றோர் தெளிவுபடுத்தியுள்ளனர். கூற்று யாருடையதாயினும், முஸ்லிம் மருத்துவர்கள் வயிற்றுக்கு அளித்த கவனம் பெரிது. குடலில் எழும் கடும் வலியை அவர்கள் 'கூலன்ஜ்' என்றனர். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது இது. அபூபக்ர் அர்ராஸீ (மறைவு கி.பி. 925) இந்நோய்க்கெனத் தனி நூல் இயற்றினார். இப்னு சீனாவும் தனி நூல் எழுதினார். அதுவும் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறைப்பட்டிருந்தபோது.

கூலன்ஜ் என்பது ஒரே நோய் அன்று என்பதே இம்மருத்துவர்களின் முதற்பாடம். கெட்டியான கபத்தால் வருவது, வாயுவால் வருவது, இறுகிய மலத்தால் வருவது, வீக்கத்தால் வருவது, குடல் முறுக்கிக்கொள்வதால் வருவது எனக் காரணங்களைப் பிரித்தனர். சிறுநீரகக் கல்லின் வலியைக் குடல் வலியாகக் கருதி ஏமாறாதிருக்க வேறுபாடுகளைப் பட்டியலிட்டனர். ஒற்றடம், எண்ணெய் பூச்சு, வெந்நீர்த் தொட்டியில் அமர்த்துதல் ஆகியவை அவர்கள் கையாண்ட இதமான முறைகள். காரணம் அறியாமல் கைவைக்கலாகாது என்பதே இப்பகுப்பின் பயன்.

இத்தனையும் வகுத்த இப்னு சீனாவே குடல் நோயால் மாண்டார் என்பது வரலாறு. அவருடைய மாணவரும் உற்ற துணைவருமான அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ இதை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்துள்ளார். இஸ்ஃபஹானின் ஆட்சியாளர் அலாவுத் தவ்லாவின் படையோடு சென்றபோது இப்னு சீனாவைக் கூலன்ஜ் பற்றியது. படை பின்வாங்க நேர்ந்தால் நோயோடு தாம் பின்தங்கிவிடுவோம் என அஞ்சிய அவர், விரைவில் குணமாக வேண்டி ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே எனிமா கொடுத்துக்கொண்டார். குடல் புண்ணாயிற்று, பின்னர் வலிப்பும் சேர்ந்தது. எனிமா மருந்தில் இரண்டு தானக் செலரி விதை சேர்க்குமாறு ஒருநாள் அவர் பணிக்க, சிகிச்சை அளித்தவர் ஐந்து திர்ஹம் சேர்த்துவிட்டார். ஆறு தானக் ஒரு திர்ஹம்; ஆகவே இது கேட்டதைப் போல் பதினைந்து மடங்கு. வேண்டுமென்றா, தவறியா என்பது தமக்குத் தெரியாது என்கிறார் ஜூஸ்ஜானீ. வலிப்புக்கென உண்ட மருந்தில் பணியாள் ஒருவன் அபினை மிகுதியாகக் கலந்தான். இஸ்ஃபஹானுக்குத் தூக்கிச் செல்லப்பட்ட இப்னு சீனா ஓரளவு தேறி நடமாடினார். ஆனால் பத்தியம் காக்கவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தது. இறுதியில் ஹமதான் சென்று சேர்ந்தபோது, உடலை ஆளும் ஆற்றல் தம்மை விட்டு அகன்றதை உணர்ந்து சிகிச்சையையே நிறுத்திவிட்டார். ஹிஜ்ரி 428 ரமலானில் (கி.பி. 1037) அவர் உயிர் பிரிந்தது. அடக்கத்தலமும் ஹமதானிலேயே உள்ளது.

மருத்துவ மாமேதை ஒருவரின் முடிவைக் குறைகூறுவதற்காக இதை நாம் எடுத்துக் கூறவில்லை. அவர் அறியாமையால் மாளவில்லை. அவகாசமின்மை அவரை நெருக்கிற்று. நாட்பட்ட நோயாளிக்கு உலகம் அவகாசம் தருவதில்லை: படை புறப்பட்டுவிடும், அலுவலகம் காத்திராது. அந்த நெருக்கடியில் எட்டு மடங்கு, பதினைந்து மடங்கு சிகிச்சை என்னும் ஆசை எழுகிறது. அளவை உயிர்நாடியாகக் கொண்ட 'தத்பீர்' அவ்வேளையில்தான் கைநழுவுகிறது.

'அல்கானூன்' தோலிதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டால் (மறைவு கி.பி. 1187) இலத்தீனில் பெயர்க்கப்பட்டது, 1593இல் ரோமில் அரபு மூலமே அச்சேறியது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகள் இதைப் பாடமாக ஓதின. பின்னர் 1813இல் ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் நிறுவிய உடற்பயிற்சிக் கழகமும், டச்சு மருத்துவர் மெட்ஸ்கரும் (1838 - 1909) இக்கலைக்குப் புதிய வடிவம் தந்தனர். யூனானி மருத்துவத்தில் 'இலாஜ் பித் தத்பீர்' என்னும் பிரிவில் தல்க் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

இக்கால ஆய்வுகள் சொல்வதென்ன? சுவீடனில் மலச்சிக்கலுடைய 60 பேரிடம் எட்டு வாரம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றை நீவிவிடப்பெற்றோருக்கு வலியும் பிற தொல்லைகளும் தணிந்தன. மலம் கழிதலும் மிகுந்தது. ஆனால் மலமிளக்கி மருந்தின் தேவை குறையவில்லை. தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் குடல் இயக்கம் கெட்டோரிடம் பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், முதன்மையாக எதிர்பார்த்த பயன் உறுதிப்படவில்லை. துணை நிற்கும், சிலருக்கு இதமளிக்கும், மருந்தின் இடத்தைப் பிடிக்காது என்பதே இவற்றின் முடிவு. கானூனில் தல்க்குக்கு வகுத்த இடமும் ஏறத்தாழ இதுவே.

ஆகவே நாட்பட்ட வயிற்று நோயாளர் மருத்துவரின் இசைவோடு, உண்டு செரித்த பின், மெல்லிய கையால், பெருங்குடலின் போக்கை ஒட்டி வலப்பக்கம் அடிவயிற்றில் தொடங்கி மேலே சென்று, குறுக்கே கடந்து, இடப்பக்கம் கீழிறங்கும் வகையில் நீவிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் திடீரெனக் கடும் வலி எழும்போது, காய்ச்சலோ இரத்தப்போக்கோ இருக்கும்போது, குடல் அடைப்பிலும், அழற்சி முற்றிய நிலையிலும், அறுவை செய்து புண் ஆறாதபோதும் வயிற்றில் கைவைத்தல் கூடாது. நம் ஊர்களில் 'குடலேற்றம்' எனக் கருதி, வலியால் துடிக்கும் குழந்தையின் வயிற்றை உருவிவிடும் வழக்கம் உண்டு. அவ்வலி குடல்வால் அழற்சியாக இருப்பின், அந்த உருவலால் காலமும் கடந்து, உயிருக்கும் கேடு நேரலாம்.

முன்னோரின் நூலைப் போற்றுவது என்பது அதில் இல்லாததை அதன் மேல் ஏற்றுவதன்று. தல்க் நோயை ஒழிக்கும் என அவர்கள் வாக்களிக்கவில்லை. உடலைப் பேணும் ஒழுங்குகளுள் ஒன்றாக அதை வைத்தார்கள். முழு நலமும் இன்றி, முழு நோயும் இன்றி நடுவே வாழ்வோர்க்கு, வலி சற்றுத் தணிந்த ஒரு மாலைப்பொழுதும் சிறிதன்று. அந்த அளவில் அதை ஏற்போர் ஏமாற்றம் அடையமாட்டார்கள்.