குங்குமப்பூ வயலுக்கு கடற்பாசி டானிக்: தெளித்தால் பூ கூடுமா? உண்மை என்ன?

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்தில் உள்ள பாம்போர் வயல்கள் ஊதா நிறத்தில் விரிந்து கிடக்கும். வெயில் ஏறும் முன்பே குடும்பம் குடும்பமாக வந்து பூப்பறிப்பார்கள். ஒரு பூவில் கிடைப்பது மூன்றே மூன்று சிவப்பு இழைகள்தான். ஒரு கிலோ காய்ந்த குங்குமப்பூவுக்கு சுமார் ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். கிலோ லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை போவதற்கு காரணம் இதுதான்.

ஆனால் விளைச்சல் பழைய மாதிரி இல்லை. 1990களில் சுமார் 5,700 ஹெக்டேரில் இருந்த சாகுபடி பின்னர் 4,000 ஹெக்டேருக்கும் கீழே இறங்கியது. மழை தவறுவது, கிழங்கு அழுகல், நிலம் கட்டடங்களாக மாறுவது என பல காரணங்கள். இதைச் சரிசெய்ய மத்திய அரசு 2010-ல் தேசிய குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது. 2020-ல் காஷ்மீர் குங்குமப்பூவுக்கு புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தச் சூழலில்தான் 'கடற்பாசி சாறு' இயற்கை வளர்ச்சி ஊக்கியாகப் பேசப்படுகிறது. பாட்டில் வாங்கித் தெளித்தால் பூ கொட்டுமா? பார்க்கலாம்.

கடற்பாசி சாறு என்றால் என்ன?

கடலில் வளரும் பாசிகளைப் பிழிந்தோ, காரம் சேர்த்துக் காய்ச்சியோ எடுக்கும் திரவம்தான் இது. கடலோர விவசாயிகள் கரை ஒதுங்கும் பாசியை நிலத்தில் போடுவது அயர்லாந்து, ஸ்காட்லாந்தில் பல தலைமுறைப் பழக்கம். திரவ வடிவில் அது கடைக்கு வந்தது 1950களில், பிரிட்டனில்.

உலக அளவில் அதிகம் பயன்படுவது வட அட்லாண்டிக் பாறைகளில் வளரும் 'அஸ்கோஃபில்லம்' என்ற பழுப்புப் பாசி. இந்தியாவில் முக்கியமானது 'கப்பாஃபைகஸ்' என்ற சிவப்புப் பாசி. இங்கேதான் தமிழ்நாட்டுத் தொடர்பு வருகிறது.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம், பாம்பன் பகுதியில் மூங்கில் மிதவைகளில் இந்தப் பாசி வளர்க்கப்படுகிறது. சுமார் 45 நாளில் அறுவடை. இதில் ஈடுபடுவோரில் பெண்கள் அதிகம். பசுமையான பாசியைப் பிழிந்து சாற்றை உரத்துக்கும், சக்கையை 'காரஜீனன்' என்ற பொருள் எடுக்கவும் பயன்படுத்தும் முறையை உருவாக்கியது குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம். நெல், மக்காச்சோளம், கரும்பு, உருளைக்கிழங்கு என பல பயிர்களில் இந்தச் சாறு சோதிக்கப்பட்டுள்ளது.

இது உரமா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இதில் பொட்டாசியம் ஓரளவு இருக்கும். ஆனா தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. ஒரு ஏக்கருக்குத் தெளிக்கும் சில லிட்டர் திரவத்தால் பயிருக்குத் தேவையான சத்தைக் கொடுக்கவே முடியாது.

இதன் வேலை வேறு. ஆக்சின், சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஹார்மோன்கள், பீட்டேன் போன்ற பொருட்கள், பாசிக்கே உரிய சர்க்கரைச் சேர்மங்கள் இதில் நுண்ணிய அளவில் உள்ளன. இவை வேர் நன்றாக ஓடவும், இலை சீக்கிரம் பழுக்காமல் இருக்கவும், குளிர், வறட்சி போன்ற நெருக்கடியைச் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கவும் உதவும். எளிமையா சொன்னா, உரம் சாப்பாடு, இது டானிக். சாப்பாடு இல்லாமல் டானிக் மட்டும் குடித்து யாரும் தேற முடியாது.

குங்குமப்பூவில் எங்கே வேலை செய்யும்?

இதற்கு அந்தச் செடியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளணும். குங்குமப்பூவுக்கு விதை கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மூலம்தான் பெருகும். அக்டோபர், நவம்பரில் பூ வரும். அதோடு புல் போல மெல்லிய இலைகளும் வரும். பூ முடிந்த பிறகு, அந்த இலைகள் வெயிலில் தயாரிக்கும் உணவு கீழே போய்ச் சேரும். அடுத்த ஏப்ரல், மே வரை இதே வேலைதான். தாய்க் கிழங்கு சுருங்கும். அதன் மேல் புதிய குட்டிக் கிழங்குகள் பருக்கும். பிறகு இலை காய்ந்துவிடும்.

கோடையில் வயல் வெறுமையாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில்தான் கிழங்குக்குள் அடுத்த பருவத்தின் பூமொட்டு உருவாகிறது. எத்தனை பூ வரும் என்பதைக் கிழங்கின் அளவு பெருமளவு தீர்மானிக்கிறது. நடவுக்கு பொதுவாக 8 கிராமுக்கு மேல் எடையுள்ள கிழங்கைப் பரிந்துரைப்பது இதனால்தான். சின்னக் கிழங்கு இலை மட்டும் விடும், பூக்காது.

ஆக, கடற்பாசி சாறு குங்குமப்பூவுக்கு உதவுவதென்றால், இலையைப் பலப்படுத்தி, கிழங்கைப் பருக்க வைத்து, அதன் வழியாகத்தான் உதவ முடியும். இந்த ஆண்டு தெளித்தால் பலன் தெரிவது அடுத்த ஆண்டு பூவில்.

எப்போது கொடுக்க வேண்டும்?

* நடவுக்கு முன்: நீர்த்த சாற்றில் கிழங்கைச் சிறிது நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி நடலாம். வேர் விடுவதற்கு உதவி.

* பூப்பறிப்பு முடிந்த பிறகு: இலை பச்சையாக இருக்கும் நவம்பரில் ஒரு தெளிப்பு.

* பனி விலகிய பின்: மார்ச் மாதம் இலை மீண்டும் சுறுசுறுப்பாகும்போது இன்னொரு தெளிப்பு. கிழங்கு பருக்கும் காலம் இது.

பூ இருக்கும்போது தெளிக்கவே கூடாது. அந்த இழைதான் நேராக சமையலுக்குப் போகிறது. இலை காய ஆரம்பித்த பிறகு தெளிப்பதும் வீண். காலை அல்லது மாலை நேரம், மழை வராத நாளாகப் பார்த்துத் தெளிப்பது நல்லது.

அளவு முக்கியம். ஹார்மோன் சம்பந்தப்பட்டது என்பதால் கூடுதலாகக் கொடுத்தால் வளர்ச்சி கூடாது, குறையவும் செய்யலாம். பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டக் கூடாது.

எதைச் செய்யாது?

கிழங்கு அழுகலை இது குணப்படுத்தாது. அது பூஞ்சணத்தால் வரும் நோய். அழுகிய கிழங்கைப் பொறுக்கி எறிவதும், நீர் தேங்காமல் பார்ப்பதும், நடவுக்கு முன் கிழங்கு நேர்த்தி செய்வதும்தான் வழி. கடற்பாசி சாறு பூஞ்சணக்கொல்லி அல்ல.

தண்ணீருக்கும் இது மாற்று இல்லை. பாம்போர் வயல்கள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பூப்பதற்கு முந்தைய வாரங்களில் மண்ணில் ஈரம் இல்லைன்னா, எந்த டானிக்கும் பூவை வெளியே கொண்டுவராது.

சமூக வலைதளங்களில் பிரபலமாகி இருக்கும் 'அறைக்குள் குங்குமப்பூ' முறைக்கும் இது பொருந்தும். தட்டில் அடுக்கிய கிழங்கு மண்ணே இல்லாமல் பூப்பது, ஏற்கெனவே சேமித்த உணவை வைத்துத்தான். அப்போது சாறு தெளித்து பூவைக் கூட்ட முடியாது. பூத்த கிழங்கை மண்ணில் நட்டு, இலையை வளர்க்கும்போதுதான் அதற்கு வேலை.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

இந்தியாவில் கடற்பாசி சாறு உள்ளிட்ட உயிர் ஊக்கிகள் 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவரப்பட்டன. அதனால் லேபிளில் என்ன பாசி, எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, தயாரித்த தேதி, அரசு அனுமதி விவரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இரு மடங்கு பூ உறுதி' என்று எழுதியிருந்தால் உஷார். சில சாறுகள் காரத்தன்மை கொண்டவை. எனவே பூச்சிமருந்தோடு ஒரே டேங்கில் கலக்கும் முன் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு.

பலன் கிடைத்ததா, எப்படித் தெரியும்?

இதற்கு ஆய்வகம் தேவையில்லை. வயலில் ஒரு பாத்தியை மட்டும் தெளிக்காமல் விட வேண்டும். மண், தண்ணீர், எரு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். கோடையில் இரண்டு பாத்தியிலும் சம எண்ணிக்கையில் கிழங்கு தோண்டி எடை போட வேண்டும். அக்டோபரில் ஒரே அளவு இடத்தில் பூக்களை எண்ண வேண்டும். வித்தியாசம் கிடைத்து, அது பாட்டில் விலையையும் கூலியையும் தாண்டினால் தொடரலாம். இல்லைன்னா அந்தப் பணத்தை நல்ல கிழங்குக்கும் மட்கிய எருவுக்கும் செலவழிப்பதே லாபம்.

கடற்பாசி சாறு மோசடியும் அல்ல, மந்திரமும் அல்ல. மண்ணும் ஈரமும் கிழங்கும் சரியாக இருக்கும் வயலுக்கு அது ஒரு கைத்தாங்கல். அந்த மூன்றும் சரியில்லாத வயலுக்கு, இன்னொரு செலவு.